பூக்கள் வீடு திரும்பிய கோடை

தணிகாசலம் தன் மனைவி இந்திராணியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது சமையலறை ஜன்னல் வழியாகத்தான். சித்திரை பிறந்து மூன்றாம் நாள், காலை மணி ஐந்து ஐம்பது. அவள் பின்புறத்தில் செம்பருத்திச் செடியோரம் நின்று, இடது கையால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் ஒவ்வொரு பூவையும் தொட்டுத் தொட்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நூத்தி நாப்பத்தொண்ணு, நூத்தி நாப்பத்திரெண்டு. அவ்ளோதான். நேத்து ராத்திரி மொட்டா இருந்தது நூத்தி அம்பத்தாறு. மிச்சம் பதினாலையும் காத்து வந்து பறிச்சுக்கிட்டுப் போச்சா?"

இந்திராணி ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, "என்னங்க, பாலைப் பாருங்க, பொங்கிடப் போவுது" என்றாள். தணிகாசலம் பாலைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். ஒன்றைப் பார்க்கச் சொன்னால் அதை மட்டும்தான் பார்ப்பார். பால் பொங்கி எழும் நேரத்தில் அடுப்பை அணைத்து, டிகாஷன் ஊற்றி, இரண்டு டம்ளரில் ஆற்றி எடுத்துக்கொண்டு பின்புறம் போனபோது, இந்திராணி தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் பூக்களைப் பார்த்தபடி இருந்தது. கண்ணில் கோபம்கூட இன்னும் இறங்கவில்லை. அவள் மட்டும் இல்லை.

வேலூருக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டிய அந்தக் காலனியில், சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. குடியாத்தத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு ரோஜா மாலையோடு வந்து இறங்கினார்கள். மதியத்துக்குள் இந்திராணி இருக்கும் இடமே தெரியாமல் கடைப்பூவால் மூடிவிட்டது. மாலை நாலு மணிக்கு எடுத்தார்கள். எல்லாம் முடிந்து வந்து, பின்புறக் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தணிகாசலம் பார்த்தார். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அரளியும் பன்னீர் ரோஜாவும் காலையில் அவள் எண்ணிய நூற்று நாற்பத்திரண்டும் அப்படியே செடியில் நின்றன. முப்பது வருடம் அவள் கையால் தண்ணீர் ஊற்றிய தோட்டத்தில் பூத்த ஒன்றுகூட அவளோடு போகவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை. ஈரத் துண்டோடு அப்படியே நின்றார். அந்த நினைப்பு முள்ளாகத் தைத்து, அன்றிலிருந்து உள்ளேயே இருந்துவிட்டது.

செம்பருத்தி ஒரு நாள் பூ. காலையில் விரியும், விளக்கு வைக்கும் நேரத்தில் சுருங்கும், மறுநாள் தரையில் கிடக்கும். அன்று சுருங்கவில்லை. மறுநாளும் சுருங்கவில்லை. மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போய்வந்த போதும் அவை அப்போதுதான் விரிந்தவை மாதிரி நின்றன. வீட்டில் இருந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த தில்லைநாயகி டீச்சர்தான்.

டீச்சருக்கு எழுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். வெள்ளை முடியை இறுகக் கட்டிய கொண்டையில் தினமும் ஒரு பூ வைப்பார், மூக்குப்பொடி போடுவார், விடிவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் கவரும் நுனியில் கம்பி வளைத்த குச்சியுமாக வந்து மதிலுக்கு மேலே நீண்டிருக்கும் கிளைகளைத் தன் பக்கம் இழுத்துப் பறிப்பார். பறிக்கவே இல்லை என்று சாதிப்பார். அதனால் இந்திராணி அவரோடு பதினோரு வருடமாகப் பேசவில்லை. எண்ணிக்கை சொல்லுவதோடு சரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மகளும் மருமகனும் ஓசூருக்கு பஸ் ஏறிப் போன மறுநாள், டீச்சர் முன்வாசல் வழியாக வந்தார். அந்த வீட்டு முன்வாசலை அவர் பல வருடமாக மிதித்ததில்லை.

"தணிகாசலம், ஒரு சந்தேகம். உங்க வீட்டுப் பூ திரும்பி வந்துடுதா?"

"எங்கிருந்து டீச்சர்?"

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்தார். "எங்கிருந்தோ. பொதுவாக் கேக்கறேன்."

இருவரும் பின்புறம் போனார்கள். மதிலோரச் செம்பருத்தியில் ஒரு பூவின் நடுவில் குங்குமம் ஒட்டியிருந்தது. இன்னொன்றில் ஊதுபத்திச் சாம்பல். தணிகாசலம் குனிந்து முகர்ந்தார்.

"உங்க மூக்குப்பொடி வாசனை மாதிரி இருக்கே."

"உங்க செடி கோள் சொல்லுது" என்று டீச்சர் முறைத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "இதோ பாருங்க, ஒரு பூகூட எடுத்ததில்லைன்னு உங்க வீட்டம்மா காதுபட முப்பது வருஷமா சத்தியம் பண்ணியிருக்கேன். அந்தச் சத்தியம் அப்படியே இருக்கட்டும். இது அவங்க போனப்புறம் எடுத்தது. நாலாம் நாள் பன்னெண்டு பறிச்சேன். சாமி படத்துக்கெல்லாம் வச்சேன். மறுநாள் விடிஞ்சு பாத்தா படத்துல ஒண்ணும் இல்ல, எல்லாம் செடியில இருக்கு. தீட்டு வீட்டுப் பூ, சாமி வேணாம்னு திருப்பி அனுப்புறார்னு நெனச்சேன். சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"அப்புறம்?"

"மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி பறிச்சேன். மறுபடி வந்துடுச்சு. இப்ப தீட்டு கழிஞ்சாச்சே? நேத்துப் பறிச்சதும் வந்துடுச்சு. அதான் கேக்கறேன்."

மறுநாள் தணிகாசலமே ஒரு பன்னீர் ரோஜாவைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறி, பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, பூவை அந்த டீக்கடை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார். விடிந்து ஐந்தே முக்காலுக்கு, பறித்த காம்பிலேயே அது இருந்தது. கொஞ்சம் டீ வாசனையும் கொஞ்சம் டீசல் வாசனையுமாக இருந்தது. அவருக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. வாழ்நாள் முழுக்க, போன வண்டிகள் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நேரத்துக்கு வருகிறதே என்று ஒரு திருப்தி மட்டும் வந்தது.

செய்தி காலனியில் ஒரு வாரத்தில் பரவியது. முதலில் பார்க்க வந்தார்கள், பிறகு முகர வந்தார்கள், அதற்குப் பிறகு இரவல் கேட்க வந்தார்கள். சர்க்கரை இரவல் கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள். பெண் பார்க்க வருகிறார்கள், தலையில் வைக்க ஒரு ரோஜா. பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம், தொட்டிலுக்கு நாலு நந்தியாவட்டை. ஆஸ்பத்திரியில் மாமியார் படுத்திருக்கிறார், தலைமாட்டில் வைக்க ஒன்று. "நாளைக்கு வந்துடும் அண்ணா" என்று வாங்கும்போதே சொல்லிவிட்டுப் போவார்கள். பூவும் சொன்னபடி வந்துவிடும். வரும்போது போன இடத்திலிருந்து எதையாவது ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றில் மஞ்சள் அரிசி, ஒன்றில் பச்சைக் குழந்தையின் பால் வாசனை, ஒன்றில் கட்டின வாழைநாரின் முடிச்சு, ஒன்றில் யாருடையதோ ஒரு நீள முடி. தணிகாசலம் காலைக் காப்பியோடு செடி செடியாகப் போய் முகர்ந்து பார்ப்பார். யார் வீட்டில் நெய் காய்ச்சினார்கள், யார் வீட்டில் மருந்து வாசனை இன்னும் போகவில்லை, எந்தப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிடாமலே எழுந்து போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். இந்திராணி இருந்தவரை தெருச் செய்தியை அவள்தான் கொண்டுவருவாள். இப்போது அவள் பூக்கள் கொண்டுவந்தன. அந்தச் சித்திரையில் அவர் தனியாக இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை.

பூக்கார அஞ்சலைக்குத்தான் கோபம். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து குழாயடியில் நின்றாள்.

"இன்னாண்ணா இது நாயம்? பூவுன்னா சாயங்காலம் வாடணும். வாடினாத்தான் மறுநாளு வாங்குவாங்க, நான் வயித்தக் கழுவுவேன். உன் பூ வாடவே மாட்டேன்னு அடம் புடிக்குது. இது பூவா, பிளாஸ்டிக்கா?"

"நான் என்ன பண்ணட்டும் அஞ்சலை? வளத்தது அவ."

"அண்ணி இருந்தப்போ எனக்கு இப்படி ஒரு கெடுதல் பண்ணுச்சா? ஒத்தப் பூவ வெளிய குடுக்காது. தங்கமான பொம்பள." அஞ்சலை கூடையை இறக்கிவிட்டு ஒரு ரோஜாவை முகர்ந்தாள். முகம் கொஞ்சம் இளகியது. "நல்லாத்தான் கீது. சரி, ஒரு பேச்சுக்கு வருவோம். கட்டுற மல்லி எங்கிட்ட வாங்கணும். அதுக்கு நடுவுல வைக்கிற ஒத்தப் பூ உங்கிட்ட. உன் வாசப்படி ஏறுறவங்ககிட்ட இதச் சொல்லிடணும்."

மல்லிகை இந்திராணிக்கு ஆகாது, தலைவலி வரும் என்பதால் அந்தத் தோட்டத்தில் மல்லிகையே இல்லை. ஆகவே பேச்சு சுலபமாக முடிந்தது. அஞ்சலைக்கு முன்னைவிட வியாபாரம் கூடியது. ஒற்றைப் பூ வாங்க வந்தவர்கள் எல்லாம் ஒரு முழம் மல்லியும் வாங்கினார்கள்.

கோயிலில்தான் சிக்கல் பெரிதாக இருந்தது. ஆற்றங்கரைப் பிள்ளையாருக்குப் பூஜை செய்யும் சோமாஸ்கந்த குருக்கள், ஒருமுறை சாமிக்குச் சாத்திய பூவை மறுமுறை சாத்தக் கூடாதே, அது நிர்மால்யம் ஆயிற்றே, இந்தப் பூவை என்ன சொல்வது என்று மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"கழிச்சுப் போட்டாத்தான் சார் நிர்மால்யம். இதை நான் கழிக்கவே இல்லையே. அதுவா வேலைக்கு வந்துட்டு அதுவா வீட்டுக்குப் போறது. ஆனா ஒண்ணு, சாவுக்குப் போன பூவும் சாமிக்கு வர்ற பூவும் ஒரே செடியில இருக்கப்படாது."

அதற்கு நியாயம் இருந்தது. பாடையில் போட்ட பூக்களும் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தன. சுடுகாட்டு வாசலில் மாலைகளைக் கழற்றி வேலிமேல் போட்டுவிடுவது அந்த ஊர் வழக்கம். அங்கிருந்து அவை தூசியும் சாம்பிராணியுமாக வந்து செடியில் உட்கார்ந்துகொள்ளும். எது எங்கே போய்வந்தது என்று எப்படித் தெரியும்? காலனிப் பெண்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாமிக்குப் போகும் கிளைகளில் மஞ்சள் நூல், கல்யாணம் காட்சிக்குச் சிவப்பு நூல், சாவுக்கு வெள்ளை நூல். தையற்கடை மெஹ்பூப் பாய் மூன்று நூல்கண்டு கொண்டுவந்து, தானே ஏணி வைத்து ஒவ்வொரு கிளையிலும் முடிச்சுப் போட்டார். யாரும் யாரோடும் மனஸ்தாபம் இல்லாமல் சில நாள் போயிற்று.

பிறகு அக்னி நட்சத்திரம் உச்சத்துக்கு வந்தது. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதித்தது, துவைத்த வேட்டி பிழிவதற்குள் காய்ந்தது, நகராட்சிக் குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. அந்த வெயிலில் பன்னிரண்டே நாளில் மஞ்சள் நூலும் வெளுத்தது, சிவப்பு நூலும் வெளுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை கல்யாணத்துக்கு ரோஜா கேட்டு வந்த பெண் செடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள். எல்லாக் கிளையிலும் வெள்ளை நூல்.

அதோடு யாரும் வரவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வரவில்லை. குருக்கள் தெருவைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். சாவு வீட்டுக்காரர்கள்கூட, சாமிக்குப் போன பூவாக இருந்து பாவம் சேர்ந்துவிடப் போகிறது என்று வரவில்லை. பறிக்க ஆளில்லாமல் நூற்று நாற்பத்திரண்டு பூவும் செடியிலேயே இருந்தன. தணிகாசலம் தினமும் தண்ணீர்த் தொட்டியருகே முக்காலியைப் போட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி நிதானமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான், இத்தனை நாள் பூவை மட்டும் பார்த்தோமே தவிர செடியைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது.

செடிகள் இளைத்திருந்தன. இலைகள் நரம்பு தெரிய மஞ்சளாகி உதிர்ந்தன. பூவின் அடியில் புதிய மொட்டுகள் குண்டூசித் தலை அளவுக்கு வந்தன. வந்து, விரிய இடமில்லாமல், மேலே நிற்கும் பூ நகராமல், அப்படியே கறுத்து விழுந்தன. ஒரு பூகூட முதுமை அடையாத செடி, அந்தப் பூக்களுக்கு ஊட்டி ஊட்டியே தேய்ந்துகொண்டிருந்தது. தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் அவர் ஊற்றினார். சாணம் கரைத்து ஊற்றினார், வேப்பம் புண்ணாக்கு வைத்தார். ஒன்றும் ஏறவில்லை. நர்சரியில் இருந்து வந்து பார்த்த ஆள் தண்டைக் கீறிப் பார்த்தான்.

"பூவ எடுங்க சார். இல்லன்னா ஆடி தாண்டாது. வேர் வரைக்கும் காஞ்சுடும்."

எடுத்தால் திரும்பி வருகிறதே. தணிகாசலம் தனக்குத் தெரிந்த வழியில் முயன்றார். பழைய சிநேகிதர்களான ஓட்டுநர்களிடம் கொடுத்து எட்டு பூவைத் திருப்பதி வண்டியில் அனுப்பினார், பத்து பூவைக் கன்னியாகுமரிக்கு அனுப்பினார். திருப்பதிப் பூக்கள் மறுநாளே, ஒன்றில் லட்டுத் துணுக்கோடு, ஐந்தே முக்காலுக்கு வந்தன. கன்னியாகுமரிப் பூக்கள் ஒரு நாள் தாமதமாக உப்புக் காற்றோடு வந்தன. வந்தவற்றைப் பார்த்ததும் அவருக்குக் கவலை வர வேண்டும். வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் அவர் பயந்தார். அவை இந்திராணியின் விரல் தொட்டு எண்ணிய பூக்கள். இவை போனால் அவள் கண் கடைசியாகப் பார்த்தது எதுவும் இந்த உலகத்தில் மிச்சம் இருக்காது. இவை இருந்தால் அவள் நட்ட செடி எதுவும் மிச்சம் இருக்காது.

இதை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. தில்லைநாயகி டீச்சரிடம்தான் சொன்னார். டீச்சர் வெயிலில் மயங்கி விழுந்து ஒரு வாரமாகப் படுக்கையில் இருந்தார். தம்பி மகள் வந்து பார்த்துக்கொண்டாள். தணிகாசலம் சாயங்காலம் போய் நீர்மோர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பூ பறிக்க எழுந்து போக முடியாத வருத்தம்தான் டீச்சருக்குப் பெரிதாக இருந்தது.

"கன்னியாகுமரியோட நிலம் முடிஞ்சுடுது. அதுக்கு அப்பால அனுப்பணும்" என்றார் பூகோள டீச்சர். "எங்கிட்ட குடுங்க. நான் கொண்டுபோய் அவகிட்டயே குடுத்துடறேன்."

"என்ன பேச்சு டீச்சர் இது."

"டாக்டர் சொன்னதை என் தம்பி மகள் வெளியில நின்னு சொல்றா. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. எப்படியும் போற வண்டி, காலியாப் போவானேன்?"

"சாவுக்குப் போன பூவும் திரும்பி வந்துடுச்சே."

"மாலையா போட்டா வரத்தான் செய்யும். வேலி மேல கழட்டி வீசுறாங்க, அதுக்கு வழி தெரிஞ்சு வந்துடுது. மடியில கட்டி விடுங்க. இறுக்கி முடிச்சுப் போடச் சொல்லுங்க. பொம்பள மடியை எவனும் அவுக்க மாட்டான்."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. "உங்ககிட்டயா டீச்சர்? இந்திராணி பூவை உங்க கையில குடுத்து அனுப்பினேன்னு தெரிஞ்சா அவ என்னைச் சும்மா விடுவாளா?"

"அதுக்குத்தானே கேக்கறேன். பதினோரு வருஷமா எங்கூடப் பேசல. பூவோட போனா எண்ணி வாங்கணுமில்ல? எண்ணறதுன்னா வாயைத் தொறந்துதானே ஆகணும்."

"வழியில எடுத்துக்க மாட்டீங்களே?"

டீச்சர் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணு எடுத்துப்பேன். கொண்டைக்கு."

"அவசரமில்ல டீச்சர்" என்று தணிகாசலம் எழுந்தார்.

"எனக்கு இல்ல. செடிக்கு இருக்கே."

அதற்குப் பிறகு பத்து நாள் தணிகாசலம் இரண்டு மனமாக இருந்தார். டீச்சருக்கு இளநீர் கொண்டுபோவார், வந்து செடியைப் பார்ப்பார். டீச்சர் ஒருநாள் எழுந்து உட்கார்ந்தார் என்றால் மகிழ்ச்சி. அன்று மூன்று மொட்டு கறுத்து விழுந்தது என்றால் அதை அவரிடம் சொல்லாமல் மறைப்பார். ஆனால் டீச்சரே கேட்பார். "இன்னிக்கு எத்தனை?" என்பார். மூன்று என்றால் உதட்டைப் பிதுக்குவார், வகுப்பில் மார்க் குறைந்த பெண்ணைப் பார்ப்பது மாதிரி.

வைகாசி கடைசி வாரத்தில், ஒரு பகல் பதினோரு மணிக்கு, காற்று புழுதியைக் கிளப்பி நாலு சொட்டு மழை போட்ட நேரத்தில் டீச்சர் போய்ச் சேர்ந்தார். தம்பி மகள் மதிலருகே வந்து, "மாமா" என்று மட்டும் கூப்பிட்டாள்.

தணிகாசலம் மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டு பின்புறம் போனார். அவளைப் போலவே தொட்டு, எண்ணி, பறித்தார். உரக்க எண்ணினார். மதிலுக்கு அந்தப் பக்கம் கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மதிலோரக் கிளைகளை எட்டுவதற்கு அந்தக் கம்பி வளைத்த குச்சியையே வாங்கி இழுத்தார். நூறைத் தாண்டியபோது, நிறுத்திவிட்டால் என்ன, பாதியை வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நிமிடம் நின்றார். கையில் இருந்த கிளையில் அப்போதும் ஒரு சின்ன மொட்டு கறுத்து, தொட்டதும் விழுந்தது. மீதியையும் பறித்தார். நூற்று நாற்பத்திரண்டு.

பெண்கள் குளிப்பாட்டி, பச்சைப் புடவை கட்டியிருந்தார்கள். அவர் கூடையை நீட்டி விஷயத்தைச் சொன்னதும் கோடிவீட்டு ராஜகாந்தம் மோவாயில் கை வைத்தாள்.

"இது எங்கயாச்சும் உண்டா? வாழ்ந்து மடி நெறஞ்சவளுக்குத்தானே மடி நெறைச்சு அனுப்புறது. டீச்சரம்மா கல்யாணமே கட்டாதவங்க. வழக்கத்துல இல்லையே."

எல்லாரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவருக்கு வழக்கம் தெரியாது. வழக்கப்படி எல்லாம் செய்துதான் தன் மனைவியை அவள் பூ ஒன்றுகூட இல்லாமல் அனுப்பிவைத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கத்திலிருந்து அஞ்சலை உள்ளே வந்து கூடையை வாங்கினாள்.

"இந்தாம்மா, இது டீச்சரம்மா மடி நெறைக்கிறது இல்ல. அவங்க கையில குடுத்தனுப்புற சாமான். அங்க கீற அண்ணிக்குப் போவுது. பக்கத்து ஊட்டுக்காரங்க ஊருக்குப் போனா நீ ஊறுகா குடுத்தனுப்ப மாட்ட? அதுக்கு என்னா வழக்கம் பாப்ப நீ?"

ராஜகாந்தம் சிறிது யோசித்து, அதுவும் சரிதான் என்று முதல் ஆளாக உட்கார்ந்து டீச்சரின் புடவைத் தலைப்பை விரித்தாள். ஊறுகாய் என்றதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒருத்தி, "இந்திராணி அக்காகிட்ட சொல்லுங்க டீச்சர், எம் பொண்ணு பாஸாயிட்டா" என்று சொல்லி ஒரு நந்தியாவட்டையை வைத்தாள். இன்னொருத்தி இரவல் வாங்கிய இட்லிப் பாத்திரத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். கூடை காலியாயிற்று. பூவெல்லாம் வைத்து, தலைப்பைச் சுற்றி, இடுப்பில் செருகி, மூன்று முடிச்சுப் போட்டார்கள். வாழ்நாளில் முதல் முறையாக மடி கனத்துப் படுத்திருந்த டீச்சரின் முகத்தில், ஒன்றும் எடுக்கவில்லை என்று சாதிக்கும்போது இருக்கும் அதே அமைதி இருந்தது. கொண்டைக்குத் தனியாக ஒரு செம்பருத்தியை எடுத்து வைத்தது தணிகாசலம்தான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே அவர் குழாயடியில் வந்து நின்றார். வேலை செய்த காலத்தில் கட்டிய கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தார். ஐந்து நாற்பது. ஐந்தே முக்கால். ஒரு கிளையும் அசையவில்லை. கன்னியாகுமரி வண்டி மாதிரி தாமதமாக வரலாம் என்று ஆறு மணி வரை நின்றார், ஆறரை வரை நின்றார். வேலை செய்த நாட்களில், வராத வண்டியை எத்தனை நேரம் எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருந்தது. அதற்கு மேல் ஒரு மணி நேரம் அதிகமாக நின்றார். கூடையோடு போன அஞ்சலை சந்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துச்சாண்ணா?"

"வரல."

"அப்ப போய்ச் சேந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, மல்லி மல்லி என்று கூவிக்கொண்டே போனாள்.

வெறும் பச்சையாக நின்ற செடிகளைப் பார்த்துக்கொண்டு அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். பசிதான் வந்தது. உள்ளே போய் ஆறு இட்லி ஊற்றி, ஆறையும் சாப்பிட்டார்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பாலாற்று மணல் வாசனையோடு நல்ல மழை பெய்தது. மெஹ்பூப் பாய் வந்து, வெளுத்த நூல்களை எல்லாம் அறுத்து எடுத்துக்கொண்டு போனார். ஆனி பிறந்து எட்டாம் நாள் மதிலோரச் செம்பருத்தியில் ஒரு மொட்டு கறுக்காமல் பருத்தது; பத்தாம் நாள் விரிந்தது. அன்று முழுக்க தணிகாசலம் அதன் பக்கத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் அது மெல்லச் சுருங்கி, தன்னைத் தானே மடித்துக்கொண்டபோது அவர் எழுந்து முக்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். குருக்கள் மறுபடி வர ஆரம்பித்தார். கொடுத்த பூ திரும்பி வருவதில்லை, அதனால் இப்போது கேட்டால் தணிகாசலம் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுக்கிறார். இந்திராணிக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது என்று அவருக்கு இப்போது புரிகிறது.

அந்த வீட்டின் பின்புறத்தில் பதினேழு செடிகள் இருக்கின்றன. காலையில் பூக்கிறது, சாயங்காலம் உதிர்கிறது. பெருக்கினால் தினம் ஒரு கூடை குப்பை சேருகிறது.